வெள்ளிக் காசின் வடுக்கள்

வெள்ளிக் காசு ஒன்று பிறப்பது கண்ணிமைக்கும் நேரத்தில். அது வாழ்வதோ நூற்றாண்டுக் கணக்கில். பிறக்கும்போதே அதற்கு ஒரு குறை நேர்ந்துவிடலாம். கைமாறித் திரியும் காலத்தில் பல புண்கள் படலாம். அவற்றுள் பிறவிக் குறை எது, பின்னால் பட்ட புண் எது என்று பிரித்தறியும் முறையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இதனைப் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு கருதியவனே. என் வாய்ச்சொல் ஒன்றால் ஒரு குடும்பத்தின் சேமிப்புக் கரைந்ததைக் கண்டபின் அந்த எண்ணத்தை விட்டேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரியில் வரலாறு கற்பிக்க வந்த இரண்டாம் ஆண்டு அது. மாணவர் ஒருவர் தாளில் பொதிந்த ரூபாய் ஒன்றைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தார். கிழக்கிந்தியக் கும்பெனியார் காலத்து வெள்ளி ரூபாய். ஒரு பக்கத்தில் விக்டோரியா அரசியின் தலை வழக்கம்போல் மேடாக நின்றது. மறுபக்கத்தில் இருக்க வேண்டிய இலைவளையமும் ஆண்டும் இல்லை. அங்கும் அரசியின் தலையே இருந்தது; ஆனால் பள்ளமாகவும், கண்ணாடியிற் கண்டாற்போல் இடம்வலம் மாறியும் இருந்தது.

எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. இத்தகைய காசுகளைப் பற்றி நூல்களிற் படித்திருந்தேனேயன்றிக் கண்ணால் கண்டதில்லை. அடித்த காசு வெளியே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும்; அதனைக் கவனியாது அடுத்த வில்லையை வைத்து அடித்துவிடுவார்கள். அப்போது புதிய வில்லையின் ஒரு பக்கத்தில் அச்சு பதியும். மறுபக்கத்தில், ஒட்டிக்கிடந்த காசே அச்சாகி, தன் முகத்தைக் குழியாகப் பதிக்கும். உரோமர் காலத்து வெள்ளிக் காசுகளிலும் இப்பிழை காணப்படுவதுண்டு. இவற்றையெல்லாம் வகுப்பிலேயே விளக்கிச் சொன்னேன். "ஐயா, இது எங்களுடையதன்று. ஒருவர் விற்க வந்திருக்கிறார். தங்களிடம் கேட்டுவருமாறு அப்பா சொன்னார்" என்றார் மாணவர். "ஐயமே வேண்டா, நாணயச் சாலையிலேயே நேர்ந்த பிழை, மிக அரியது" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பின் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். காசுகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும். செய்யும் முறையை அறியாதவன் எல்லாக் குறையையும் பிழை என்பான். அல்லது எல்லாப் பிழையையும் சேதம் என்பான்.

நம் நாட்டில் மிகப் பழமையானவை முத்திரைக் காசுகள். வெள்ளியைத் தகடாகத் தட்டி, துண்டுகளாக வெட்டி, எடை மிகுந்திருந்தால் மூலைகளைக் கத்தரித்து, அதன்பின் ஞாயிறு, ஆறு கைகளையுடைய சக்கரம் முதலிய சின்னங்களை ஒவ்வொன்றாகப் பதித்தனர். மௌரியர் காலத்துக் காசுகளில் முன்புறத்தில் ஐந்து சின்னங்கள் இருக்கும். எடை ஏறத்தாழ 3.4 கிராம். இத்தகைய காசின் மூலை வெட்டுண்டிருக்கக் கண்டு, "யாரோ வெள்ளியைத் திருடிவிட்டனர்" என்று சொல்லும் மாணவர் பலர். அந்த வெட்டு நேர்மையின் அடையாளம். எடையைச் சரிசெய்ய வெட்டியது. சின்னம் பாதி மட்டும் விழுந்திருந்தால் அதுவும் களவன்று. ஏற்கெனவே வெட்டிய விளிம்பின்மேல் முத்திரை சற்று வெளியே நீண்டு விழுந்தது, அவ்வளவே.

அக்காசுகளின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறுசிறு முத்திரைகள் சிதறிக் கிடக்கும். இவை புழக்கத்திற்கு வந்தபின் சோதித்தவர்கள் இட்ட குறிகள் என்பர். கணித அறிஞரும் வரலாற்றறிஞருமான தா. த. கோசாம்பி தட்சசீலத்துப் புதையற்காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். பின்புற முத்திரைகள் மிகமிக, காசின் சராசரி எடை குறைந்து வரக் கண்டார். கைகளில் தேயத் தேய எடை குறைந்தது. குறிப்பிட்ட காலத்திற்கொருமுறை சோதனைக் குறி ஏறியது. அழகைக் கெடுத்த வடு என்று நாம் ஒதுக்கக்கூடிய ஒரு குறியைக் கொண்டு, ஒரு பேரரசின் நாணயப் புழக்கத்தையே அவர் அளந்துவிட்டார். எனக்கு இந்தத் துறையில் ஆசை பிறப்பித்தது அவருடைய தராசுதான். அப்படியிருந்தும் அன்று நான் தராசைத் தொடவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் நாணமாக இருக்கிறது.

காசு சோதிப்போருக்குத் தமிழில் வண்ணக்கர் என்று பெயர். சங்கப் புலவர் சிலர் பெயரோடு வண்ணக்கன் என்ற சொல் ஒட்டி நிற்பதை இலக்கிய மாணவர் அறிவர். அத்தொழிலுக்கு அக்காலத்தில் வேலை மிகுதி. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய உரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் புதையல்களாகக் கிடைத்துள்ளன. உருவம் வேறுபட்ட அரசர்களின் காசுகள் எடையில் ஒத்திருப்பதைக் கண்டு இலங்கை மன்னன் ஒருவன் வியந்தான் என்று பிளினி எழுதியிருக்கிறார். கி.பி. 64-ஆம் ஆண்டை ஒட்டி நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். இங்கே கிடைக்கும் வெள்ளிக் காசுகளுட் பெரும்பாலானவை அதற்கு முற்பட்டவையாக இருத்தல் தற்செயலன்று.

செம்புக் கருவின்மேல் வெள்ளித் தோல் போர்த்திய போலிகளும் அந்நாளில் உலவின. ஐயமுற்றவன் உளியால் ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பான். உள்ளே சிவந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே உரோமக் காசின் விளிம்பில் ஆழ்ந்த வெட்டு ஒன்று இருக்குமாயின் அது நாணயச் சாலையின் பிழையன்று. அறியாமையால் நேர்ந்த சேதமுமன்று. ஒருவன் கேட்ட கேள்வி. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-ஆம் ஆண்டு கிடைத்த புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் குறுக்கே ஒரு வெட்டு. பொன் பற்றிய செய்தியாயினும் இங்கே நினைக்கத் தக்கது. இனிப் புழங்கலாகாது என்று செய்த வெட்டோ, வேறு கருத்தோ என்று அறிஞர் பலவாறு உரைப்பர். அவ்வெட்டுகளைச் "சேதம்" என்னும் ஒரு சொல்லில் அடக்கியிருந்தால் அந்த ஆராய்ச்சியே தோன்றியிராது.

முகலாயர் காலத்து ரூபாய்க்கு வருவோம். சேர்ஷா 178 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.5 கிராம் எடையில் நிலைநிறுத்திய வெள்ளி ரூபாயே பின்வந்தவற்றிற்கெல்லாம் மூலம். இவற்றைச் சம்மட்டியால் அடித்தனர். அச்சு பெரிது, வில்லை சிறிது. எனவே எழுத்துகள் முழுவதும் காசில் விழா. ஊர்ப்பெயர் இருந்தால் ஆண்டு இராது. ஆண்டு இருந்தால் அரசன் பெயர் பாதி இராது. இதனைப் பிழை என்று கூறி மிகுந்த விலை சொல்வோரிடம் விழிப்பாயிருங்கள். அது அந்நாளைய வழக்கம். சம்மட்டி அடியில் வில்லை விரியும்போது விளிம்பு வெடிப்பதும் அவ்வாறே இயற்கை. அவ்வெடிப்பு விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடும். அதன் உட்புறமும் காசின் ஏனைய பகுதியைப் போலவே கறுத்திருக்கும். நேற்று நேர்ந்த வெடிப்பாயின் உள்ளே வெண்மை பளிச்சிடும்.

இந்த ரூபாய்களின்மேல் பிறை, பூ, புள்ளி போன்ற நுண்ணிய முத்திரைகள் இருந்தால் அவை சராபுகள் இட்டவை. காசை வாங்கிச் சுண்டிப் பார்த்து, வட்டம் கழித்து மாற்றிக்கொடுத்த காசுக்கடைக்காரர்களே சராபுகள். வங்காளத்தில் புதிதாய் அடித்த சிக்கா ரூபாய்க்கு முழு மதிப்பு உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல வட்டம் பிடிப்பார்கள். காசில் பொறித்த ஆண்டே அதற்குப் பகையாயிற்று. இதனை ஒழிக்கக் கும்பெனியார் ஒரு தந்திரம் செய்தனர். ஷா ஆலம் மன்னனின் 19-ஆம் ஆட்சியாண்டையே பல ஆண்டுகள் மாற்றாமல் பொறித்து வந்தனர். எந்தக் காசு பழையது என்று சராபுக்கு எப்படித் தெரியும்? நம் சென்னையிலும் 1759-இல் இறந்துபோன இரண்டாம் ஆலம்கீர் பெயரால், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டோடு, 19-ஆம் நூற்றாண்டிலும் ஆர்க்காட்டு ரூபாய் அடித்தார்கள். எந்திரத்தில் அடித்து, விளிம்பில் வரியிட்ட காசில் இறந்த மன்னனின் பெயரும் பழைய ஆண்டும் இருக்கக் கண்டு, அச்சுப்பிழை என்று வாதிட்ட நண்பர் ஒருவரை நான் அறிவேன்.

பிழைபோலத் தோன்றும் மற்றொன்றையும் இங்கேயே கூறிவிடுகிறேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911-ஆம் ஆண்டு ரூபாயில், அவர் அங்கியின்மேல் உள்ள யானை உருவம் துதிக்கை குறுகிப் பன்றிபோலத் தோன்றிற்று. மக்கள் முணுமுணுத்தார்கள், 1912-ஆம் ஆண்டு உருவம் திருத்தப்பட்டது. இது வரைந்தவன் கையின் குறை. அடித்தவன் கையின் குறையன்று. அவ்வாண்டின் அச்சில் வந்த காசுகளிலெல்லாம் அப்பன்றி இருக்கும்.

இனிச் சோதிக்கும் முறை. ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும், நல்ல தராசும், சாய்வாக விழும் ஒளியும் போதும். அச்சில் பள்ளமாய் இருப்பது காசில் மேடாய் வரும் என்பதை மறவாதிருங்கள். அச்சு வெடித்தால் அந்த வெடிப்பினுள் வெள்ளி புகுந்து, காசின்மேல் மயிர்போல் ஒரு மேட்டுக்கோடாக நிற்கும். கீறலோ பள்ளமாக இருக்கும். ஏர் உழுத சாலின் இருமருங்கும் மண் ஒதுங்கி நிற்பதுபோல, கீறலின் இருமருங்கும் வெள்ளி ஒதுங்கி நிற்பதைக் கண்ணாடியிற் காணலாம். இவ்வொன்றை மட்டும் அறிந்தாலே பாதி ஐயம் தீரும். பாதிதான், ஏனெனில் நாணயச் சாலையிலேயே வில்லைக்கும் அச்சுக்கும் இடையே ஒரு நூலிழை சிக்கினால் அதுவும் பள்ளமாகப் பதியும். அப்பள்ளத்தின் ஓரங்கள் மழுங்கி மென்மையாய் இருக்கும். உழுத மண் அங்கே இராது. அச்சில் எண்ணெய்ப் பசை அடைத்தால் எழுத்து மங்கிப்போகும். தேய்ந்து மங்கிய எழுத்தென அதனை மயங்கலாகாது. தேய்மானம் உயர்ந்த இடங்களை முதலில் தின்னும். பசை அடைத்ததோ, கன்னமும் கூந்தலும் கூர்மையாய் இருக்க, ஓர் எழுத்தை மட்டும் விழுங்கியிருக்கும்.

எந்திரத்தில் அடித்த ரூபாயின் விளிம்பில் பிறைபோல் ஒரு துண்டு குறைந்திருந்தால் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். தகட்டிலிருந்து வில்லையை வெட்டும்போதே முன்பு வெட்டிய துளையின்மேல் வெட்டு விழுந்து நேர்ந்த குறையாயின், எதிர்ப்புறத்து விளிம்பும் சற்றே மங்கி எழாமல் நிற்கும். வெள்ளியை நெருக்கிப் பிடிக்க ஒருபுறம் ஆதரவு இல்லாமையே காரணம். பின்னால் ஒருவன் வெட்டியதாயின் எதிர்ப்புறத்திற்கு அச்செய்தி தெரியாது. அது முழுமையாகவே இருக்கும். வெட்டுண்ட இடத்தில் எழுத்துகள் கத்தியால் அரிந்தாற்போல் நிற்கும். அரத்தின் வரிகளும் தெரியலாம்.

கழுத்தில் கோத்தணிந்த ரூபாய்கள் நம் நாட்டில் ஏராளம். வளையத்தை எடுத்துவிட்டு, பற்றவைத்த இடத்தை அரத்தால் தேய்த்து மெருகிட்டு, "விளிம்புப் பற்கள் இல்லாத அரிய காசு" என்று விற்பதுண்டு. பற்கள் எவ்விடத்தில் இல்லை என்று பாருங்கள். அரசியின் தலைக்கு நேர் மேலே மட்டும் இல்லையாயின் அங்கே வளையம் இருந்திருக்கிறது.

ஒன்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: காசைத் தேய்க்காதீர்கள். சிறுவயதில் பாட்டி வீட்டு அரங்கிலிருந்த ரூபாய் ஒன்றைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினேன். நிலவுபோல் ஒளிர்ந்தது. வெள்ளியின்மேல் படியும் கருமையே வெட்டின் வயதைக் காட்டும் சான்று. அதனை என் கையாலேயே கழுவிவிட்டேன். மண்ணினடியில் நெடுங்காலம் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மையும் அடையும். கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும். புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு அறிவித்தல் வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அறிவிக்குமுன் கழுவி வைப்போம் என்று எண்ணுதல் வேண்டா.

இனி அந்த மாணவரின் காசு. நான் சொன்ன சொல்லை நம்பி அவர் தந்தையார், தறியில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து அதனை வாங்கிவிட்டார். ஏறத்தாழ ஓராண்டு சென்றபின், மகளின் திருமணத்தை முன்னிட்டு அதனை விற்கக் கருதி, என்னையும் உடனழைத்துக்கொண்டு ஒரு பழைய காசுக்கடைக்குச் சென்றார். கடையிலிருந்த முதியவர் காசை வாங்கிப் பார்க்குமுன்பே உள்ளங்கையில் ஏந்தி, "எடை குறைகிறதே" என்றார். தராசின் ஒரு தட்டில் அதனையும் மறுதட்டில் நல்ல ரூபாய் ஒன்றையும் வைத்தார். கும்பெனி ரூபாய் 180 கிரெயின், ஒரு தோலா, 11.66 கிராம். நல்ல ரூபாய் இருந்த தட்டுத் தாழ்ந்தது. நம் காசு மேலே நின்றது. ஒட்டிய காசின்மேல் அடிபட்ட வில்லைக்கு எடை ஏன் குறைய வேண்டும்? பின்புறத்து இலைவளையத்தை அரத்தால் அராவி எடுத்ததனாற் குறைந்த எடை அது.

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. "தேய்ந்திருக்கலாமே" என்றேன். முதியவர் ஒன்றும் பேசாமல் முத்திரை அரக்கை விளக்கில் காட்டி இளக்கி, காசின் பள்ளமான பக்கத்தை அதில் அழுத்தி எடுத்தார். இடம்வலம் மாறியிருந்த உருவம் நேராக எழுந்தது. "இப்போது இரண்டையும் படியுங்கள், வாத்தியார் ஐயா" என்றார்.

படித்தேன். 1840 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய்களில் இரண்டு வகை உண்டு. ஒருவகையில் அரசியின் பெயரும் பட்டமும் தலைக்குமேல் தொடர்ச்சியாக வளைந்து செல்லும். மற்றொரு வகையில் விக்டோரியா என்பது தலைக்கு ஒருபுறமும், குயின் என்பது மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும். இதனை நான் முன்பே அறிவேன், வகுப்பில் சொல்லியுமிருக்கிறேன். காசின் மேடான பக்கத்தில் எழுத்துகள் தொடர்ந்து சென்றன. அரக்கில் எழுந்தவையோ பிரிந்து நின்றன. ஒட்டிக்கொண்ட காசு அதே அச்சில் அதற்கு முந்தைய நொடியில் அடிபட்டதாகத்தானே இருக்க வேண்டும்? இரு முகங்களும் ஓரச்சின் முகங்களாக, ஒன்றற்கு நேர் பின்னே மற்றொன்றாக இருந்திருக்க வேண்டுமல்லவா? யாரோ பின்புறத்தை அராவி, வேறொரு ரூபாயை அதன்மேல் வைத்து, இடுக்கிப் பொறியில் நெரித்திருக்கிறான். இதனை அறிந்தபின் பார்த்தால், மேடான பக்கத்தில் அரசியின் கன்னமும் கூந்தலும் நசுங்கியிருந்ததும் கண்ணுக்குப் புலப்பட்டது. முன்பு அதனைத் தேய்மானம் என்று எண்ணியிருந்தேன்.

"வெள்ளி நல்ல வெள்ளிதான், உருக்கினால் அதன் விலை வரும்" என்றார் முதியவர்.

மாணவரின் தந்தையார் என்னிடம் சினந்துகொள்ளவில்லை. தெருவில் சிறிது தொலைவு நடந்தபின், "அன்றைக்குத் தாங்கள் எடை போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கொடுத்த தொகையை நான் தந்துவிடுகிறேன் என்று சொன்னதற்கு உடனே விடை கூறவில்லை. மறுவாரம் மகனை அனுப்பிப் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டார். விற்றவனை அதன்பின் ஒருவரும் காணவில்லை. காசை அவர் உருக்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

அரக்கில் பதிந்த உருவத்தை மட்டும் அன்றே முதியவரிடம் கேட்டு வாங்கிவந்தேன். கோடைக் காலத்தில் சற்றே இளகி ஓரம் சிதைந்துபோயிற்று. எனினும் தலைக்கு இருபுறமும் பிரிந்து நிற்கும் எழுத்துகளை இன்றும் படிக்கலாம். என் மேசையில் தராசின் பக்கத்திலேயே அதனை வைத்திருக்கிறேன்.